யார் தோளில் பயணம்?

இலங்கையைத் தன்னந்தனியாகச் சுற்றி வந்தோமென்று எழுதுவோர் இன்று பலர். வழிகாட்டி இல்லை, குழு இல்லை, தம் விருப்பமே வழி என்று பெருமை கொள்கின்றனர். அப்பெருமையை நாம் பழிக்கவில்லை. ஆயின், பயண நூலொன்றை மதிப்பிட நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பயணியைச் சுமந்தவர் யார்? அவர் குரல் அந்நூலில் கேட்கிறதா?

இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்துச் சிவனொளிபாதமலைக்கு அனுப்பி வைத்தான். அடிமைகள் பல்லக்கைத் தோளிற் சுமந்தனர்; உணவுப் பொருள்களைத் தூக்கப் பதினைந்து பேர் சென்றனர். இவற்றை மறைக்காமல் எழுதிய நேர்மை அவருக்கு உண்டு. எனினும் அரசனோடு நிகழ்ந்த உரையாடலே நூலில் இடம்பெற்றது. சுமந்தவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர்.

றொபேட் நொக்ஸின் நிலை வேறு. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலில் வந்த அவர், 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்து ஊர்களில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், சிங்களம் கற்றார். சில்லறைச் சரக்கோடு ஊரூராக நடந்து வழிகளை அறிந்தார். 1679இல் அநுராதபுரம் வழியாக அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் வெளிவந்த அவரது நூலில் உழவு உண்டு. ஊரார் முறைவைத்து ஒருவர் வயலை ஒருவர் அறுத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அநுராதபுரத்துத் தமிழரிடம் தம் சிங்களம் செல்லுபடியாகாமற் போனதையும் அவர் எழுதுகிறார். கம்பனிக்காரரின் கண்ணும் வட்டிக்காரரின் கண்ணும் அந்நூலில் இல்லாமலில்லை. ஆயினும் மக்களிடையே நடந்து பிழைத்தவர் கண்ட நாடு அது.

இன்றைய தனிப்பயணி பதுளைப் புகையிரதத்தின் வாசலில் நின்று தேயிலை மலையைப் படம் பிடிக்கிறார். கொழுந்து பறிக்கும் பெண் அப்படத்துக்கு ஓர் அலங்காரம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவளுடைய முன்னோரை நாடற்றவராக்கியதும், அவ்வாறு எஞ்சி நின்றோருக்கு 2003இல்தான் சட்டம் வழிவிட்டதும் அவர் எழுத்தில் இடம்பெறுவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு 1990இல் நின்ற புகையிரதம் 2014இல்தான் மீண்டும் போய்ச் சேர்ந்தது. போர் நடந்த ஆண்டுகளில், சொந்த ஊருக்குப் போகவும் சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையை நீட்டி நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விரும்பிய இடத்துக்கு விரும்பியபடி செல்வதென்பது அவர்களுக்கு என்றும் எளிதாக இருந்ததில்லை.

மலையையும் கடலையும் வருணிக்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. அவற்றின் நடுவே உழைத்து வாழும் மனிதரை விட்டுவிட்டு வருணிப்பது அரைகுறை எழுத்து என்கிறோம். நம் மாணவர் இத்தீவின் மூலை முடுக்கெல்லாம் செல்லட்டும். தமிழ் மாணவர் சிங்களத்தையும், சிங்கள மாணவர் தமிழையும் ஓரளவேனும் கற்றுச் செல்லட்டும். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பக்கத்தில் அமர்ந்தவரின் கதையைக் கேட்டு வந்து எழுதட்டும். அத்தகைய நூல்களுக்காகவே நாம் காத்திருக்கிறோம்.