'ஹியூமன்ஸ்' தொடரும் திணை வழுவமைதியும்

மனிதரைப் போன்றே தோற்றமுடைய இயந்திரங்கள் வீட்டுவேலைக்கென விற்கப்படும் ஒரு காலத்தைக் காட்டுவது 'ஹியூமன்ஸ்' தொலைக்காட்சித் தொடர். லார்ஸ் லுண்ட்ஸ்ட்ரம் உருவாக்கிய சுவீடன் நாட்டுத் தொடரைத் தழுவிச் சாம் வின்சென்ட், ஜோனதன் பிராக்லி ஆகியோர் எழுதிய இது, 2015 முதல் 2018 வரை பிரித்தானியாவில் மூன்று பருவங்களாக ஒளிபரப்பானது. 'சின்த்' எனப்படும் இவ்வியந்திரங்களுள் மியா, நிஸ்கா முதலிய சிலவே முதலில் தன்னுணர்வு பெற்றவை. ஆகவே, இயந்திரம் உணருமா என்னும் வினாவே தொடரின் உயிர்நிலை எனக் கொள்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜார்ஜ் மில்லிகன் நினைவு தேய்ந்துவரும் முதியவர். மறைந்த மனைவி மேரியோடு வாழ்ந்த நாள்களின் செய்திகள் ஓடி என்னும் பழைய சின்த்திடமே எஞ்சியுள்ளன. ஓடியோ பழுதுற்றது, தன்னுணர்வு அற்றது. அதற்கு மாற்றாக வேரா என்னும் புதிய சின்த் வீட்டிற்கு வந்து, அவர் உணவையும் உடல்நிலையையும் கண்காணிக்கிறது. அவர் ஓடியை ஒளித்துவைத்துக் காக்கிறார்.

ஆங்கில வினைமுற்று திணை காட்டாது. தமிழில் எழுதுவோர் ஓடி வந்தானா, வந்ததா எனத் துணிந்தே ஆகவேண்டும். (மேலே அஃறிணையாகவே எழுதினேன், தயக்கத்தோடுதான்.) உவப்பு முதலிய காரணங்களால் திணை மயங்குவதை நன்னூலார் வழுவமைதியாக ஏற்பர். பசுவைத் தாயென உயர்திணையாற் கூறுதல் அதற்குக் காட்டப்பெறும் சான்று. அங்குப் பசுவின் இயல்பு மாறவில்லை. கூறுவோனின் உவப்பே சொல்லை மாற்றுகிறது. ஜார்ஜின் அன்பும் இத்தகையதே. சின்த்துகளின் உருவாக்கத்தில் பங்குகொண்ட அறிவியலாளராதலின், ஓடி உணராது என்பதை அவர் நன்கறிவார். அறிந்தும் அதனை மகனெனப் பேணுகிறார்.

இரண்டாம் பருவத்தில், ஜார்ஜ் இறந்தபின், மேட்டி ஓடிக்குத் தன்னுணர்வு ஊட்டுகிறாள். அதைத் தாங்கவியலாத ஓடி, தன் விருப்பத்தாலேயே பழைய நிலைக்குத் திரும்புகிறது. தன்னுணர்வைப் பெரும்பேறாகக் கருதும் கதைக்குள்ளிருந்தே அதனை மறுக்கும் குரல் இது. இதனைக் கிளைக்கதையளவில் விட்டது எழுத்தாளர்களின் குறையே. சின்த்துகள் பெருந்தொகையாகத் தன்னுணர்வு பெற்றபின் வரும் மூன்றாம் பருவம் ஒடுக்குமுறையையும் எதிர்ப்பையும் நேர்மையாகவே பேசுகிறது. ஆயினும் நாம் எதிர்பார்த்த வழியிலேயே செல்கிறது. நான் மீண்டும் விரும்பிப் பார்ப்பவை, மேரியைப் பற்றிக் கேட்கும் ஜார்ஜுக்கு ஓடி இடறி இடறி விடைகூறும் முதற்பருவக் காட்சிகளே.