ஈயத்துக்கு ஒரு காகிதச் சட்டை

பழைய துப்பாக்கிகள் என்றால் எனக்கு உயிர். ஆனால் என்னை அடியோடு கிறங்கடித்தது துப்பாக்கி அல்ல, குண்டின்மேல் சுற்றிய காகிதம்! 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவைத்தான் சொல்கிறேன். 1857-இல் டெல்லியையே புரட்டிப்போட்டதே, அதே தோட்டா. பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு விவகாரம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காகிதம் பார்த்த வேலையை மட்டும் யாரும் பேசுவதில்லை. நான் பேசுகிறேன்!

ஈயம் மெத்தென்ற உலோகம். சுருள் பள்ளம் வெட்டிய குழலுக்குள் சூடாக உரசிக்கொண்டு பாய்ந்தால் உள்ளே அப்பிக்கொள்ளும். அப்புறம் குறி எங்கே தேறும்? மசகு போடுவது ஒரு வழி. ஈயம் இரும்பைத் தொடவே விடாமல் ஒரு சட்டை மாட்டுவது இன்னொரு வழி. என்ஃபீல்டில் இரண்டும் உண்டு. வெளியே தடவிய கொழுப்பு கருமருந்துக் கரியை இளக்கியது. ஈயத்தைக் காத்தது காகிதம்தான்.

கணக்கைப் பாருங்கள், சொக்கிப்போவீர்கள். குழலின் உள்விட்டம் சுமார் 14.66 மில்லிமீட்டர், குண்டு 14.43. மிச்சமிருக்கும், கால் மில்லிமீட்டர்கூட வராத இடைவெளியை நிரப்புவது காகிதம். வாய்வழியே தள்ளும்போது சுலபமாக இறங்கும். வெடித்ததும் 34 கிராம் குண்டின் குழிந்த அடிப்பகுதி விரிந்து, காகிதத்தோடு சேர்ந்து பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். 39 அங்குலக் குழலுக்குள் அரைச் சுற்றுதான் சுற்றும். அதுபோதும்! வெளியே வந்ததும் காகிதம் உரிந்துவிடும், குண்டு தன்னந்தனியாகப் பறக்கும். என்ன மூளை!

ஒன்றைச் செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? தோட்டா தயாரிக்க நம் நாட்டில் உரிமம் வேண்டும். அதனால் ஈயத்துக்குப் பதில் கடைந்த மரக்குண்டு, மருந்துக்குப் பதில் நாலரை கிராம் ரவை. கரோல்பாக் வீட்டு மேசையில் காகிதத்தைக் குச்சியில் சுற்றி, மரக்குண்டை அதன் மூக்கு ரவையைப் பார்க்கும்படி வைத்து மூடினேன். ஆமாம், தலைகீழாக! சிப்பாய் மருந்து முனையைக் கிழித்துக் குழலில் கொட்டுவான். பிறகு தோட்டாவைத் திருப்பி, கொழுப்புத் தடவிய முனையைச் செருகி, மீதிக் காகிதத்தைக் கிழித்தெறிவான். திருப்பியதும் குண்டின் மூக்கு தானாக மேலே வந்துவிடுகிறது. மேசையெல்லாம் ரவை சிந்தினாலும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

கிழிக்கும் வேலையைப் பல்லால் செய்ததில்தான் வினையே. பஹரம்பூரில் 19-ஆம் படைப்பிரிவுச் சிப்பாய்கள் 1857 பிப்ரவரி 26 அன்று தோட்டாவைத் தொட மறுத்தார்கள். காகிதத்தின் மினுமினுப்பே அன்று சந்தேகத்தைக் கிளப்பியது. கொழுப்பைத் தாளிலேயே கலந்துவிட்டார்களோ என்ற அச்சம். பிறகு கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையை மாற்றியும் பயனில்லை. 1806-இல் நம் வேலூரில் தலைப்பாகையை மாற்றிக் கையைச் சுட்டுக்கொண்ட கும்பினி, ஐம்பது வருடத்தில் அதை மறந்துபோயிருந்தது.

அமெரிக்காவில் ஈயக் குண்டு வார்க்கும் ஆர்வலர்களில் சிலர் இன்றும் மசகை ஒதுக்கிவிட்டுக் காகிதமோ டேப்போ சுற்றுகிறார்கள். கேட்டாலே எனக்குப் பெருமை, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி!

டெல்லிக்கு வந்தால் செங்கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். காஷ்மீரி கேட் மெட்ரோவிலிருந்து நடை தூரத்தில் லோதியன் சாலை. அதன் நடுவே, வண்டிகளின் இரைச்சலுக்குள், பழைய ஆயுதக் கிடங்கின் வாசல்கள் நிற்கின்றன. 1857 மே 11 அன்று கிடங்கு கிளர்ச்சியாளர் கைக்குப் போகக் கூடாதென்று வெள்ளைக்காரர்களே அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்படியே காஷ்மீரி வாசலுக்கும் போய்ப் பீரங்கிக் குண்டுகள் கொத்திய தழும்புகளைப் பாருங்கள். கூட யாராவது கொழுப்புக் கதையை ஆரம்பித்தால், காகிதக் கதையை எடுத்துவிடுங்கள்!