இரும்புக் கதவின் அழகு: றஸ்கின் கூறியதும் கூறாததும்

வீட்டு வாயிலிலே பூவும் கொடியுமாய் நிற்கும் இரும்புக் கதவைக் காண்போர் வீட்டுக்காரரின் இரசனையைப் புகழ்வர். சற்றே கற்றோர் அதன் மாதிரியை வரைந்தவர் யாரென வினவுவர். உலைக்களத்தில் நின்று அதனை அடித்து உருவாக்கிய கொல்லனைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. கலை விமர்சனமும் பெரும்பாலும் இப்பழக்கத்தையே பின்பற்றி வந்துள்ளது. இதற்கு விலக்கான எழுத்துக்களுள் ஒன்று, ஆங்கில விமர்சகர் ஜோன் றஸ்கின் 1858ஆம் ஆண்டு பெப்ருவரியில் டன்பிறிட்ஜ் வெல்ஸ் நகரில் இரும்பைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவாகும். மறு ஆண்டு ‘இரு பாதைகள்’ என்னும் நூலில் அது வெளிவந்தது. அதனை இன்று நாம் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்?

டன்பிறிட்ஜ் வெல்ஸ் இரும்புச்சத்து மிகுந்த ஊற்றினாற் பெயர்பெற்ற ஊர். ஊற்றுநீர் படிந்த செம்மஞ்சட் கறையிலிருந்தே பேச்சைத் தொடங்கும் றஸ்கின், இயற்கையிலும் கலையிலும் சமூக வாழ்விலும் இரும்பு பெறும் இடத்தை முறையே ஆராய்கிறார்.

கலை பற்றிய பகுதியில் அவர் கொள்ளும் அடிப்படை உறுதியானது. ஒவ்வொரு பொருளும் தன் இயல்புக்கேற்ற வடிவத்தையே வேண்டி நிற்கும்; இரும்பின் இயல்போ நீளுதலும் அறாது நிற்றலுமாம். செஞ்சூடேறிய கம்பியின் நுனியை அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தால் அது கூராய் நீள்கிறது, வளைத்தாற் சுருளாகிறது, தட்டையாக்கி உளியால் வெட்டினால் இலையாகிறது. பொறி பறக்கும் வெண்சூட்டில் இரு துண்டுகளைச் சேர்த்து அடித்தால் அவை ஒன்றாகின்றன. ஆனால், சூடு காத்திராது. கம்பி கறுக்குமுன் கொல்லன் தீர்மானித்தாக வேண்டும். ஆகவே ஒரு கதவின் இரு சுருள்கள் முற்றும் ஒத்திருப்பதில்லை. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் காபன் கொண்ட வார்ப்பிரும்போ உருகி அச்சிலே பாயும், அடித்தால் உடையும். அச்சொன்று ஆயிரம் இலைகளைத் தரும். ஆயிரமும் ஒரே இலைதான். சுவிற்சர்லாந்தின் பெல்லின்சோனா நகரத்து அடித்திரும்பு மாடமுகப்புகளை றஸ்கின் போற்றியதற்குக் காரணம் இதுவே. அவற்றிலே செய்தவனின் கையும் கருத்தும் தெரிந்தன.

அவர் அங்கு நின்றுவிடவில்லை. இரும்பு வேலியொன்று வெளியே கள்வர் உளர் என்றோ, உள்ளே பித்தர் உளர் என்றோதான் பொருள்படும் என எள்ளினார். அலங்காரக் கதவுக்கும் இது பொருந்தும். பூக்கள் எத்துணை மென்மையாயினும் கதவு அடைப்பதற்கே அமைந்தது. உடைமையின் அச்சத்தையே அது அழகால் மூடுகிறது. இறுதிப் பகுதியிலே கலப்பை, விலங்கு, வாள் என்னும் மூன்றையும் இரும்பின் சமூகச் சின்னங்களாகக் கொள்ளும் அவர், உழைப்புக்குரிய ஊதியத்தைத் தர இயலாத மலிவு விலையிற் பொருள் வாங்குவது களவே என்றும் இடித்துரைத்தார்.

இவ்வளவு கண்டவர் எங்கே தடைப்பட்டார்? வாங்குபவரின் மனச்சாட்சியையே அவர் மருந்தாகக் கண்டார். உலையும் இரும்பும் யாருடையவை, வேலை நேரத்தைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாக்கள் இவ்வுரையில் எழவில்லை. அதே நூலின் முதலுரையில், 1857ஆம் ஆண்டு எழுச்சியை மனத்திற்கொண்டு, இந்தியரின் கலைநுட்பத்தை ஒப்புக்கொண்டே அவர்களைக் கொடியோரெனத் தீர்ப்பளித்தார். ஆதிக்கத்தின் கொடுமை அத்தீர்ப்பில் நிறுக்கப்படவில்லை. அவரிடம் கற்ற வில்லியம் மொறிஸ் 1883இல் சனநாயக சம்மேளனத்திற் சேர்ந்து சமவுடைமை இயக்கத்துள் நுழைந்தமை, ஆசான் நின்ற இடத்திலிருந்து வைத்த அடுத்த அடியாகும்.

இம்மரபு எம் நாட்டையும் தொட்டது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் தம் பெருநூலை, மொறிஸ் தம் சோசர் பதிப்பை அச்சிட்ட அதே பொறியில் 1908இல் அச்சிடுவித்தார். சமூக அமைப்பையும் கைவினைஞரின் நிலையையும் நூலின் உபதலைப்பிலேயே குறித்தமை அவர்தம் பெருமை. எனினும், பரம்பரைத் தொழிலின் ஒழுங்கை வியந்த அவர், கொல்லன் மகன் கொல்லனாகவே இருத்தல் வேண்டும் என்ற கட்டின் கொடுமையைப் போதிய அளவு உணர்த்தினாரல்லர். எம்மவரிடையேயும் உலைத்தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. கதவைப் புகழ்ந்தோர் அதைச் செய்தவனைச் சமமாக மதிக்கத் தயங்கினர். தெரிவுரிமையற்ற தொழிலில் விளையும் அழகைச் சுதந்திரத்தின் விளைவென்று கூறுதல் எங்ஙனம்?

இன்று கதவுகள் பெரும்பாலும் சதுரக் குழாய்களையும் ஆயத்தமாய் விற்கும் இலைகளையும் ஈட்டி முனைகளையும் மின்னால் ஒட்டிச் செய்யப்படுகின்றன. இதற்காக ஒட்டுபவனைப் பழிப்பதும் பழைய உலைக்காக ஏங்குவதும் விமர்சனமாகா. இயந்திரம் குற்றவாளியன்று, அது முதுகொடியும் வேலையைக் குறைக்கவும் வல்லது. அவ்வாறு மிஞ்சும் நேரம் உழைப்பவனுக்குக் கிடைக்கிறதா, முதலாளியின் இலாபமாகிறதா என்பதே வினா. சுருளின் வடிவைத் தீர்மானிக்கும் உரிமையும், கண்ணைக் காக்கும் கவசமும், வாழப்போதிய கூலியும் அவனுக்கு உண்டா? இவற்றையும் சேர்த்து நோக்கும்போதுதான் ஒரு கதவின் அழகைப் பற்றி நாம் முழுமையாகப் பேசுகிறோம்.