செரோக் தொக்குன் பாறையும் நம்மவர் கட்டுரைகளும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில், புனித அன்னம்மாள் தேவாலய வளாகத்தினுள்ளே எழுத்து வெட்டிய பாறை ஒன்று உள்ளது. செரோக் தொக்குன் கல்வெட்டு என்பது அதற்கு வழங்கும் பெயர். 1845ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் கும்பினிப் படை அதிகாரி இதனைக் கண்டு படியெடுத்து, வங்காள ஆசியக் கழகத்தின் இதழ் வாயிலாக அறிஞர் உலகிற்கு அறிவித்தார். இன்று இவ்விடம் பினாங்கைச் சேர்ந்ததாயினும், 1800ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைக்கப்படும் வரை கெடாச் சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆதலின், கடாரத்தின் தொன்மையைப் பேசப் புகுவோர் இப்பாறையை விடுத்துப் பேசுதல் பொருந்தாது.

கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களிலிருந்து மாணவரை அழைத்துச் சென்று இதனையும், மெர்போக்கை அடுத்த புஜாங் பள்ளத்தாக்கையும் காட்டி வருவது நல்ல வழக்கமே. ஆயின், சென்று வந்த பின்னர் மலர்களிலும் சொற்பொழிவுகளிலும் வரும் செய்திகள் சிலவற்றைக் காணும்போதுதான் ஐயம் எழுகிறது. ‘சோழர் கடாரம் கொண்டபோது பொறித்த தமிழ்க் கல்வெட்டு’ என ஒருவர் எழுதினால், அடுத்தவர் அதனையே சான்றாகக் கொண்டு மேலும் இரண்டடி செல்கின்றார். சீனத்துத் தாய்சான் மலையிலும் பாறை முகமெங்கும் எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தாங் மரபைச் சார்ந்த பேரரசர் ஒருவர் 726ஆம் ஆண்டில் பொறிப்பித்த நெடிய கல்வெட்டு. அங்குச் செல்லும் சீன மாணவன் அவ்வெழுத்துகளுள் பலவற்றை அடையாளங் காண்கின்றான். செரோக் தொக்குனில் நிற்கும் தமிழ் மாணவனுக்கோ ஓர் எழுத்தும் புலப்படுவதில்லை. படிக்க இயலாத கல்லின்மேல் எதையும் ஏற்றிச் சொல்லலாம் என்னும் துணிவு பிறப்பது இங்கேதான்.

நம்மவர் கட்டுரைகளில் மூன்று மயக்கங்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. முதலாவது, எழுத்தையும் மொழியையும் ஒன்றெனக் கருதும் மயக்கம். இப்பாறையின் எழுத்து பழைய தென்னிந்திய எழுத்து வகையைச் சார்ந்தது. பல்லவர் எழுத்தோடு உறவுடையது. தேய்ந்தவை போக, அறிஞர் படித்தறிந்த சொற்கள் வடமொழிச் சொற்களே. ‘பல்லவ எழுத்து, ஆகவே தமிழ்’ என்பது ஏலாத முடிபு. இதற்கு மறுதலையான சான்று தமிழகத்திலேயே உண்டு. மதுரையை அடுத்த மாங்குளம் முதலிய குன்றுகளின் குகைகளில் உள்ளவை பிராமி எழுத்துகள். பிராமியாதலின் மொழி பிராகிருதமாகவே இருக்கும் என்று கொண்டோர்க்கு அவை பொருள் தரவில்லை. 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றின் மொழி தமிழே என்று எடுத்துக் காட்டிய பின்னரே வழி திறந்தது. எழுத்தைக் கொண்டு மொழியை முடிவு செய்தல் கூடாது என்பதற்கு அக்குகைகளும் சான்று, இப்பாறையும் சான்று. மாங்குளத்தில் அந்நெறி நமக்குத் தமிழைத் தந்தது, இங்கே தரவில்லை. தந்த இடத்தில் ஏற்று, தராத இடத்தில் மறுப்பது ஆராய்ச்சி ஆகாது.

இரண்டாவது காலமயக்கம். இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது 1025ஆம் ஆண்டை ஒட்டி. செரோக் தொக்குன் எழுத்துகளோ, எழுத்தமைதி கொண்டு, ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டியவை எனக் கணிக்கப்படுகின்றன. இடைவெளி ஏறத்தாழ 500 ஆண்டுகள். ‘கடாரங்கொண்டான்’ என்னும் பட்டத்திற்குச் சான்று தஞ்சை முதலிய இடங்களின் மெய்க்கீர்த்திகளில் உண்டு, இப்பாறையில் இல்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’ போன்ற புதினங்கள் கடாரத்தைத் தமிழ் வாசகர் மனத்தில் பதித்தன. அது புதினத்தின் வெற்றி. அப்புதினக் காட்சியைக் கல்லின்மேல் ஏற்றுதல் வாசகரின் தவறேயன்றி ஆசிரியரின் தவறன்று.

மூன்றாவது, மூலத்தையும் உரையையும் பிரித்தறியாமை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களைக் கூறுமிடத்துக் ‘காழகம்’ என்னும் பெயரைச் சொல்லுகிறது. அது கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. அவர் நூலாசிரியர்க்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். அவர் கூற்று மதிக்கத்தக்கதே. எனினும் அஃது உரைச்சான்று. ‘சங்கப் புலவர் கெடாவைப் பாடினார்’ என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர், ‘உரையாசிரியர் கருத்துப்படி’ என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் பொருள் குறைவதில்லை, நேர்மை கூடுகிறது.

இம்மயக்கங்கள் வெறும் அறியாமையால் விளைந்தவை அல்ல. இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழி வந்து, லயங்களில் வாழ்ந்து, ‘கூலி’ என்னும் சொல்லைப் பெயராகவே சுமந்த மக்களின் பிள்ளைகளுக்கு, ‘உன் முன்னோர் இந்நாட்டை வென்றவர்’ என்னும் சொல் மருந்துபோல் இருந்தது. அத்துடன், வெள்ளையர் ஆராய்ச்சியும் அதற்கு இடந்தந்தது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் புஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்த குவாரிச் வேல்ஸ், 1940இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே ‘இந்தியக் குடியேற்றம்’ என்னும் கருத்தை வைத்தார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை ஏற்கவில்லை. இந்நாட்டு மக்களே துறைமுகத்தை ஆண்டு, வணிகம் நடத்தி, வெளியிலிருந்து வந்த சமயத்தையும் எழுத்தையும் தமக்கு வேண்டியவாறு மேற்கொண்டனர் என்பது அவர்தம் கருத்து.

மருந்து நல்லதா என்பதே கேள்வி. படையெடுப்பைக் காட்டி உரிமை கேட்பது அண்டை வீட்டாரிடம் ‘உன் வீட்டை ஒருநாள் கொள்ளையிட்டோம்’ என்று சொல்லி உறவு கேட்பதைப் போன்றது. தோட்டத்துத் தமிழனின் உரிமைக்குச் சோழன் வாள் வேண்டுவதில்லை. காட்டை அழித்துக் கன்று நட்டுப் பால் எடுத்த கைகள் உண்டு. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த வரலாறு உண்டு. இவை எந்தப் பாறையிலும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் ஐயத்திற்கு இடமில்லாதவை. இவற்றை எழுதாமல் விட்டுப் பாறையில் இல்லாததை எழுதுவது எவ்வகையில் நியாயம்?

மேலும், உள்ளதை உள்ளவாறு படித்தால் இழப்பு ஏதுமில்லை. லோ 1834இல் செபராங் பிறையின் வடபகுதியில் கண்டெடுத்த மற்றொரு கல்லை நோக்குக. தூபியின் உருவமும், அறியாமையால் வினையும் வினையால் பிறப்பும் உண்டாகும் என்னும் பௌத்தக் கருத்தும் அதில் உள்ளன. உடன், புத்தகுப்தன் என்னும் ‘மகாநாவிகன்’, அதாவது பெருங்கப்பல் தலைவன், தன் பயணம் இனிது நிறைவேற வேண்டிய செய்தியும் உண்டு. அவன் ஊர் ‘செம்மண் நாடு’ என்னும் பொருளுடைய இரக்தமிருத்திகை. வங்காளத்தில் அப்பெயர் கொண்ட பௌத்தப் பள்ளி ஒன்று இருந்தமை அகழாய்வில் கிடைத்த முத்திரையால் தெளிவாகியது. சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு உடனே கண்ணகியின் தந்தை மாநாய்கன் நினைவுக்கு வருதல் இயல்பு; அவ்விரு சொற்களும் உறவுடையன என்பாரும் உளர். புகாரையும் கடாரத்தையும் ஒரே கடல் இணைத்தது என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல வாயில் ஏது?

தமிழே வேண்டுமெனில், அதற்கும் உண்மைச் சான்றுகள் உண்டு. தாய்லாந்தின் தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது. சுமத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைச் சொல்லுகிறது. இவை வணிகர் விட்டுச் சென்றவை. கடாரத்து உறவிற்கும் இனிய சான்று ஒன்று இருக்கிறது. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பிக்க, அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராச சோழன் கொடையளித்ததை லெய்டன் செப்பேடுகள் தமிழிலேயே விரித்துரைக்கின்றன. தந்தை அளித்த கொடையையும் மைந்தன் நடத்திய படையெடுப்பையும் சேர்த்துக் கற்பிப்பதே முழு வரலாறு. நம் மலர்களில் படையெடுப்புக்குப் பத்துப் பக்கம். கொடைக்குப் பத்து வரி.

வெற்றுப் பெருமை கல்லையும் காப்பதில்லை. 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலாஸ்டர் லாம்ப் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளத்தை மீட்டமைத்தார். அவ்வாறு காக்கப்பட்டதும் இப்பள்ளத்தாக்கில்தான். நில மேம்பாட்டுப் பணியில் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளியானதும் இப்பள்ளத்தாக்கில்தான். இடிபட்ட பின் எழுந்த கண்டனக் குரல்கள் பல. இடிபடுமுன் அக்கோயிலைத் தம் மாணவர்க்குக் காட்டி, அளந்து, வரைந்து வைத்த பள்ளிகள் எத்தனை?

ஆகவே, இனி இப்பாறைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் மூன்று வினாக்களை முன்வைத்தல் நலம். இதன் எழுத்து எது? மொழி எது? இதனைப் படித்தவர் யார், எந்த ஆண்டில்? இவற்றிற்கு விடை எழுதிய மாணவனே கல்வெட்டைக் கண்டவன் ஆவான். கல்வெட்டில் இல்லாததைச் சொல்லிக் கொடுத்தால், நாளை அவன் வேறொரு நூலில் உண்மையைக் காணும்போது ஆசிரியர் சொன்ன மற்றவற்றையும் ஐயுறுவான். அவ்வாறு நேரின், மாங்குளத்துத் தமிழையும் அவன் நம்பமாட்டான். இழப்பு அப்போது கல்லுக்கு அன்று, தமிழுக்கே.