தாளின் மறுபுறம்

யப்பானின் பழைய சித்திரப் படங்களுக்கெனத் தீட்டப்பட்ட ‘செல்’ தாள்கள் இன்று ஏலச் சந்தையின் அரும்பொருள்களாகிவிட்டன. அவற்றைத் தேடிச் சேர்ப்போரை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. படப்பிடிப்பு முடிந்ததும் கழிவென ஒதுக்கப்பட்ட தாள்களிற் பல எஞ்சியமைக்கு அவர்களும் காரணர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும், அவர்தம் இரசனை எதைக் காண்கிறது, எதைக் காணத் தவறுகிறது என்று வினவுதல் விமரிசகன் கடமையே.

செல் என்பது ஒளி ஊடுருவும் அசிற்றேற்றுத் தாள். அதன் முன்புறத்திற் கோடு, பின்புறத்தில் வண்ணம். ஓவியரின் கோட்டைப் படியெடுத்து, தாளைப் புரட்டி, கோட்டுக்குள் வண்ணம் நிரப்பியோர் பெரும்பாலும் பெண்கள். அங்ஙனம் தீட்டிய தாளொன்று திரையில் நிற்பது பல வேளைகளில் ஒரு செக்கனின் பன்னிரண்டிலொரு பங்கு அல்லது எட்டிலொரு பங்கு நேரமே. சேகரிப்போன் சட்டமிட்டு மாட்டுவதோ முன்புறத்தை. நாயகன் விழி திறந்து நேர்நோக்கின் விலை ஏறும். முதுகு காட்டின் இறங்கும். தீட்டியவளுக்கு முகமென்ன, முதுகென்ன! ஏலப் பட்டியல் படத்தின் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் கூறும்; அவள் பெயரைக் கூறுதல் அரிது.

இப்புறக்கணிப்பு எத்துணை முரணானது என்பதற்கு 1968இல் வெளிவந்த ‘ஹோரூஸ்’ படமே சான்று. 1956இல் உருவான தோயேய் சித்திரப்பட நிறுவனத்திலே தொழிற்சங்கத்தில் முன்னின்ற இசாவோ தக்காஹாத்தா இயக்கிய முதல் நெடும்படம் அது. 1964இல் சங்கச் செயலாளராயிருந்த ஹயாவோ மியாசாக்கியும், தாய்மையடைந்த பின்னும் பெண்கள் பணியில் நீடிக்கும் உரிமைக்காக வாதாடிய ரெய்கோ ஒக்குயாமாவும் அதில் உழைத்தனர். கிராமத்தவர் ஐயுறவு நீங்கி ஒன்றுதிரண்டு கொடியவனை வீழ்த்தும் கதை அது. சங்க வாழ்வின் அனுபவம் அதிற் படிந்திருத்தல் வெளிப்படை. அன்று வருவாய் தராது விரைவில் திரையரங்குகளை நீங்கிய அப்படம், பின்னரே பெரும்படைப்பெனக் கொள்ளப்பட்டது. அதே தோயேயில் 1958இல் வண்ணந்தீட்டும் பிரிவிற் சேர்ந்த மிச்சியோ யசுதா, பிற்காலத்தில் மியாசாக்கி படங்களின் வண்ண அமைப்பாளராய்ப் புகழ்பெற்றார். அவர் விதிவிலக்கு, உடனிருந்து தீட்டியோர் பலரின் பெயர் நம்மை வந்தடையவில்லை.

காலஞ் செல்ல அசிற்றேற்றுத் தாள் சிதைந்து வினாகிரி மணம் வீசும். கோட்டை இயந்திரத்தாற் பதித்த பிற்காலத் தாள்கள் பலவற்றிலே முன்புறக் கோடு மங்கி மறைந்துபோக, பின்புறத்து வண்ணம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அத்தகைய தாளுக்குச் சந்தையில் விலை குறைவு.