கூல் பிளக்கும் கன்டெய்னர் கியூவும்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஒர்க் ஷாப். காலை ஒன்பது மணிக்கே தகரக் கூரை சுட ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு புல்லட்டுகளுக்கும் ஒரு பழைய மாருதிக்கும் நடுவில், மீன் ஏலத்தில் பட்டுவேட்டி கட்டி நிற்பவரைப் போல, வெள்ளி நிற மெர்சிடிஸ் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. டிக்கி மூடியில் ‘சி 200 கொம்ப்ரெஸர்’ என்ற எழுத்துகளில் கடைசி ‘ஆர்’ உதிர்ந்துவிட்டது. உரிமையாளர் ராயபுரத்துக்காரர், கஸ்டம்ஸ் கிளியரிங் தொழில். தினமும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகம், அங்கிருந்து திரும்ப ராயபுரம்.

1796 சிசி, 184 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் என்ற விவரமெல்லாம் செகண்ட் ஹேண்டில் இந்த வண்டியைத் தேடுகிறவருக்கு மனப்பாடம். இங்கே பேச்சு அதற்குள் இருக்கும் நான்கு பிளக்குகளைப் பற்றி மட்டும்தான். ஆறு வாரத்தில் மூன்று செட் மாறியிருக்கிறது. அதில் இரண்டு செட், ஊர் சொன்னதைக் கேட்டுப் போட்டது.

சூப்பர்சார்ஜர் வைத்த கார் நம் ஊரில் அபூர்வம். டர்போ இன்று சின்ன கார்களிலேயே வந்துவிட்டது. அது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுவது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் கிராங்கோடு பெல்ட் போட்டுக் கட்டியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே காற்றை அமுக்கித் தள்ளும், டர்போ போலக் காத்திருக்க வைக்காது. பூஸ்ட் எனப்படும் அந்த அமுக்கம்தான் பிளக்குக்கு வேலை வைக்கிறது. சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக அடைய அடைய, பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாவக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். காயிலால் அவ்வளவு கொடுக்க முடியாதபோது பொறி அணைகிறது, வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது.

ராயபுரத்துக்காரருக்கு நடந்ததும் அதுதான். ஐடிலிங்கில் வண்டி பூனைபோல உறுமும். ராயபுரம் மேம்பாலத்தில் ஏறும்போதும் குறை தெரியாது. மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஒரு டிரெய்லரை ஓவர்டேக் செய்ய அழுத்தினால் மட்டும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இரண்டு குலுக்கல். மீட்டரில் மஞ்சள் விளக்கு. மலிவான புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் பி0303 என்ற எரர் கோடு, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தைக் கரைக்கிறார்கள். கோடு வந்ததும் காயில், இன்ஜெக்டர், சென்சார் என்று ஒவ்வொன்றாக வாங்கிக் குவிப்பார்கள். ஷெட்டின் பெரியவர் அப்படிச் செய்யவில்லை. மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டி ஓட்டச் சொன்னார். கோடு மூன்றிலேயே நின்றது. ஆக காயில் மேல் குற்றமில்லை. அடுத்து பிளக்கை இடம் மாற்றினார். கோடு பி0301 ஆனது. ஒரு ரூபாய் செலவில்லாமல் திருடன் அகப்பட்டான்.

கழற்றிய பிளக்குகளின் கதை தனி. விற்ற கடைக்காரர் “எல்லா வண்டிக்கும் இதான் சார் போவுது” என்று எடுத்துக் கொடுத்த செட். உடம்பில் அச்சிட்ட குறியீட்டின் வாலில் 11 என்றிருந்தது. கேப் 1.1 மி.மீ. என்று பொருள், பூஸ்ட் இல்லாத சாதாரண எஞ்சினுக்கு நல்ல அளவு. பூஸ்ட் எஞ்சினுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கேப் 0.6-லிருந்து 0.8 வரை. பெரியவர் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். மூன்று பிளக்கில் 1.1, மூன்றாவது சிலிண்டரில் இருந்ததில் 1.2-ம் தாராளமாகப் போனது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறுமுனையை நடு எலக்ட்ரோடிலும் வைத்தார். மூன்று பிளக்குகள் ஐந்து கிலோ ஓம்முக்குப் பக்கத்தில் காட்டின. அந்த ஒன்று மட்டும் பூஜ்யம். உள்ளே ரெசிஸ்டரே இல்லை. மேலே எழுத்தில் மட்டும் இருந்தது. நாலு பிளக் வாங்கினால் நாலையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய ஊர் இது.

அடுத்த செட்டுக்கு ஆலோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை. “சூப்பர்சார்ஜர் வண்டியா? ஒரு நம்பர் கூலா போடு, பிச்சிக்கினு போவும்” என்றார்கள் நண்பர்கள். எந்தப் பக்கம் எண்ணினால் கூல்?

இந்தக் கேள்வியைப் போல எரிச்சலூட்டுவது வாகன உலகில் வேறெதுவும் இருக்க முடியாது. என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி: 6-ஐவிட 7 கூல். டென்சோவிலும் அப்படியே: 20-ஐவிட 22 கூல். பாஷ் பிளக்கில் நேர்மாறு. அங்கே 7-ஐவிட 6 கூல். 8 போட்டால் சூடு. சாம்பியனும் பாஷ் பக்கம். என்ஜிகேயின் 6-ம் பாஷின் 7-ம் ஏறக்குறைய ஒரே வெப்ப நிலை என்பதை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இது போதாதென்று பழைய மைக்கோ பிளக்குகள். பாஷ் உரிமத்தில் பெங்களூரில் தயாரான அவற்றில் டபிள்யூ 145, 175, 225 என்று எண் ஏறினால் கூல். பிறகு அதே கம்பெனி எண்முறையை மாற்றியபோது 175 என்பது 7 ஆனது, 225 என்பது 5 ஆனது. எண் இறங்கினால் கூல் என்றாகிவிட்டது. திருவொற்றியூரில் 1955-ல் வந்த என்ஃபீல்டு தொழிற்சாலையைச் சுற்றிப் புல்லட் பழுது பார்த்துத் தொழில் கற்ற தலைமுறை இந்த இரண்டு கணக்கையும் தலையில் சுமக்கிறது. எண்ணூர் அசோக் லேலண்டின் டீசல் லாரிகளுக்குப் பிளக்கே கிடையாது. வடசென்னையில் பிளக் ஞானம் என்பது பெரும்பாலும் இரண்டு சக்கரத்தில் வந்ததுதான்.

கூல், ஹாட் என்பதற்கு எஞ்சின் குளிர்வதோ பவர் கூடுவதோ அர்த்தமில்லை. பிளக்கின் உள்ளே தெரியும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக வெளியேறும், அது ஹாட். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், அது கூல். முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 870-ஐத் தாண்டினால் பொறிக்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்றவைத்து பிஸ்டனுக்கு உலை வைக்கும். இரண்டுக்கும் நடுவே முனையை நிறுத்துவதுதான் ஹீட் ரேஞ்ச்.

கூல் பிளக் மோகத்துக்கு ஊர்ப் பூர்வீகமும் உண்டு. ஜி.என்.டி. சாலையில் சோழவரம் விமான ஓடுதளத்தில் கார், பைக் பந்தயங்கள் நடந்த காலத்தில், எஞ்சினை ஹாட் பிளக்கில் சூடேற்றிவிட்டு, கிளம்பும் முன் கூல் பிளக்கை மாட்டுவது பந்தய உலகின் பொது வழக்கம். ஓட்டம் முழுவதும் ஆக்ஸிலரேட்டர் தரையோடு இருக்கும் வண்டிக்கு அது சரி. எண்ணூர் விரைவுச் சாலைக்கு?

ஒரு நம்பர் கூலான நிக்கல் செட் ஏறியது. முதல் வாரம் அமர்க்களம். வெளிவட்டச் சாலையில் எவ்வளவு அழுத்தினாலும் குலுக்கல் இல்லை. கேப் 0.7 என்பதால் வந்த பலன் அது; கூலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அன்று எல்லோரும் கூலுக்குத்தான் கைதட்டினார்கள். இரண்டாவது வாரம் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் சாலையை அடைத்தன. ஏசி போட்டு, முக்கால் மணி நேரம் ஐடிலிங், பத்தடி நகரல், மறுபடி ஐடிலிங். இந்த எஞ்சினில் ஐடிலிங்கின்போது சூப்பர்சார்ஜர் காற்றைப் பைபாஸ் வழியே சுற்றவிடும், பூஸ்ட் கிடையாது. அந்த நேரத்தில் அது வெறும் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். முனை 450-ஐ எட்டவே வழியில்லை. பத்தாம் நாள் காலை ஸ்டார்ட் ஆகும்போது உடம்பு உதறியது. கழற்றினால் நான்கு பிளக்கிலும் மை பூசிய வெல்வெட் மாதிரி உலர்ந்த கரி. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“இன்னா சார், ரேஸுக்குப் போறியா, கார்கோவுக்குப் போறியா?” என்று கேட்டார் பெரியவர். என்ஜிகேயின் பொது ஆலோசனையும் அதையே வேறு மொழியில் சொல்கிறது: எஞ்சினில் கூடுதலாக 75 முதல் 100 குதிரைத்திறன் ஏற்றினால் ஒரு நம்பர் கூலுக்குப் போகலாம். இந்த வண்டியில் எதுவும் ஏற்றப்படவில்லை. சூப்பர்சார்ஜர் பிறக்கும்போதே வந்தது; அதைக் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி ஹீட் ரேஞ்சைத் தேர்ந்திருக்கிறது.

இன்னொரு சங்கதியும் கரிக்கு அடியில் தெரிந்தது. பீங்கான் மூக்கில் செங்கல் நிறத் தூள். நடுவில் ஒருநாள் உரிமையாளர் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஒன்றை டேங்கில் ஊற்றியதை ஒப்புக்கொண்டார். இரும்புச் சேர்மம் உள்ள பூஸ்டர்கள் விட்டுப்போகும் துரு அது. அடர்த்தியாகப் படிந்தால் பொறி அந்த வழியே கசியும். மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி தெரியும் தூரத்தில் குடியிருப்பவர், பெட்ரோலுக்குப் பாட்டில் மருந்து தேடியது வேடிக்கை.

மூன்றாவது செட் இப்போது ஓடுவது: கையேட்டில் உள்ள அதே ஹீட் ரேஞ்ச், இரிடியம் முனை, பெட்டியிலேயே 0.8 கேப். பழைய 1.1 வகையை நசுக்கி 0.7 ஆக்கலாமே என்று உரிமையாளர் கேட்டதற்கு பெரியவர் தலையாட்டவில்லை. 0.2 மி.மீ.க்கு மேல் வளைத்தால் மேல் முனை சாய்ந்துவிடும்; பொறி ஓரத்தில் குதிக்கும். 0.8-லிருந்து 0.7-க்கு வெளி முனையை மட்டும் ஒரு தட்டு. இரிடியம் முனை ஊசிபோல மெலிதாக இருப்பதால் அதில் கேஜை வைத்து நெம்பக் கூடாது, உடைந்துவிடும். நிக்கலைவிட விலை பல மடங்கு என்பதால் உடைந்தால் வயிற்றெரிச்சலும் பல மடங்கு. மரைக்கு கிரீஸ் பூசவில்லை. கையால் முழுவதும் திருகி, அலுமினியத் தலைக்குரிய 25–30 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்றதும் நிறுத்தினார். புல்லட்டுக்கு அவர் டார்க் ரெஞ்சைத் தொடுவதேயில்லை.

மூன்று வாரம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது மூக்கில் நீர்த்த டீயின் பழுப்பு. அதே கியூ, அதே ஏசி, அதே முக்கால் மணி நேரம். வெளிவட்டச் சாலையில் மஞ்சள் விளக்கு எரியவில்லை. கடற்காற்று மட்டும் தன் வேலையைச் செய்திருந்தது: இரண்டாவது காயிலின் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு. பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்ததோடு அது தீர்ந்தது.

கழற்றிய கூல் செட் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பெரியவரின் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. உரிமையாளர் சும்மா இருக்கிறாரா என்றால் இல்லை. சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி மாட்டினால் பூஸ்ட் கூடுமாமே என்று போன வாரம் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அத மாட்டிக்கினு வா சார். அப்போ இந்த டப்பாவ தொறக்கலாம்.”