யுத்தப் படத்தில் நம்மவர் எங்கே?

சரித்திரத்தைப் படமெடுப்போர் இரு வகையில் பொய் சொல்லலாம். நடவாததை நடந்ததாகக் காட்டுவது ஒன்று. நடந்ததைக் காட்டாது விடுவது மற்றொன்று. முன்னதை யாரேனும் திருத்திவிடுவர். பின்னதைக் கேட்பார் இலர். 1957-ல் டேவிட் லீன் எடுத்து, ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்ற ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தில் இரண்டும் உண்டு.

முதல் வகைப் பிழைகளை மேனாட்டாரே எடுத்துரைத்துவிட்டனர். படத்தில் வருவது மரப்பாலம். முதல் ரயில் வரும்போதே வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. உண்மையில் தாமர்க்கானில் 1943-ல் மரப்பாலமும் இரும்புப் பாலமும் எழுந்தன. பின்னர் விமானக் குண்டுகளால் சேதமுற்றன. செப்பனிடப்பட்ட இரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. படத்தின் கர்னல் பகைவனுக்கு மனமுவந்து பாலம் கட்டித் தருகிறார். அம்முகாமிலிருந்த கர்னல் டூசியோ தம் ஆட்களைக் காக்கப் பாடுபட்டவர். அவர்மீது படிந்த களங்கத்தைத் துடைக்க உடனிருந்த கைதிகள் குரல் கொடுத்தனர். நன்று; அது அவர்கள் கடமை.

நம்மவருக்காகக் குரல் கொடுத்தவர் யார்? சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் உழைத்த போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். மாண்டோர் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அவருள் மாண்டோர் 90,000 வரை இருக்கலாமென மதிப்பிடுகின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர். ஜோகூர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. காலராவிலும் பட்டினியிலும் மடிந்த இக்கூட்டத்தில் ஒருவனேனும் அப்படத்தில் பாத்திரமாக வருகிறானா? இல்லை!

ஜோகூரிலேயே நிகழ்ந்த கொடுமை ஒன்றுண்டு. 1942 ஜனவரி 22-ல் பாரிட் சூலோங்கில் ஜப்பானியர் கொன்று குவித்த காயமுற்ற கைதிகள் ஏறத்தாழ 150 பேர். அவருள் 40 பேர் இந்தியச் சிப்பாய்கள். அதுவும் பெரும்பாலும் ஆஸ்திரேலியரின் துயரமாகவே சொல்லப்படுகிறது.

“கற்பனைக் கதையில் கணக்குப் பார்க்கலாமா?” என்பர் சிலர். கற்பனையை நாம் வெறுக்கவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் கற்பனைதான். ஆயினும் அதில் தோட்டத் தமிழன் மனிதனாக நடமாடுகிறான். அதிகாரியின் மானம் போனால் அது காவியம், கூலியின் உயிர் போனால் அது கணக்கிலேயே இல்லை என்னும் அந்த நியாயத்தையே நாம் மறுக்கிறோம்.

இலவசப் படக்காட்சி என்று அழைத்து, வந்தவர்களை வளைத்துப் பிடித்துச் சயாமுக்கு ரயிலேற்றியதாகவும் கூறப்படுகிறது. படம் பார்க்கப் போய் உயிரிழந்தவனுக்குப் படத்திலும் இடமில்லை என்றால், இதைவிட வஞ்சனை வேறுண்டோ?

பிறர் மறைத்தார் என்று நோவது மட்டும் போதாது. சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டன்மாரின் பெயர்களை ஜோகூர்த் தமிழ்க் குடும்பங்கள் இன்றே எழுதிவைக்கட்டும். நாளை நம் பிள்ளை ஒருவன் படமெடுக்க முன்வருவானாயின், அவனுக்கு வேண்டிய முதல் பொருள் அப்பட்டியலே.